எல்இடி எரிகிறது, ஃபஸ் வரவில்லை

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டை ஆன்லைனில் வாங்கி, டாட் போர்டில் ஃபஸ் ஃபேஸ் பெடல் (கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது) செய்தேன். பைபாஸில், அதாவது பெடலை மிதிக்காதபோது, கிடார் தெளிவாகக் கேட்கிறது. மிதித்தால் எல்இடி எரிகிறது, சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்து செத்துப்போகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 8.6 வோல்ட் காட்டுகிறது. போர்டை மறுபடி செய்யட்டுமா, 12 வோல்ட் அடாப்டர் போட்டுப் பார்க்கட்டுமா?"

இரண்டும் வேண்டாம். முதலில் எல்இடியை நம்புவதை விடுங்கள். அது ஸ்விட்ச் வழியாகத் தனியாகக் கரண்ட் எடுக்கிறது. போர்டில் ஒரு பாகம்கூட இல்லாவிட்டாலும் எரியும்.

உங்கள் 8.6தான் நோயைச் சொல்கிறது. 9 வோல்ட் பேட்டரியில் அந்த இடத்தில் 4.5 பக்கம் இருக்க வேண்டும் (மீட்டரில் மைனஸ் குறி வந்தால் பயப்படாதீர்கள்). 8.6 என்றால் இரண்டாவது டிரான்சிஸ்டர் தூங்குகிறது, அதில் கரண்ட் ஓடவில்லை. பற்றவைத்த ஈயம் பக்கத்துப் புள்ளியைத் தொடவில்லை, கால்கள் மாறவில்லை என்றால், அதைத் தூங்க வைப்பது அநேகமாக முதலாவதுதான். மூடிய குழாய் சொட்டுகிற மாதிரி அதில் கரண்ட் கசிகிறது. வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினாலே ஜெர்மானியத்தில் கசிவு இரட்டிப்பாகும். 1966இல் லண்டனில் இந்தப் பெடலைக் கொண்டுவந்தவர்கள் திருச்சியின் மே மாதத்தைப் பார்த்ததில்லை.

மல்டிமீட்டரில் டிரான்சிஸ்டரைச் செருகி அளக்கும் எச்எஃப்இ துளை இங்கே உதவாது. கசிவையும் சேர்த்து கெய்ன் (எத்தனை மடங்கு பெருக்குகிறது) என்று காட்டிவிடும். டிரான்சிஸ்டரைக் கழற்றுங்கள். எமிட்டர் காலை பேட்டரி பிளஸில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து 2.4 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாக மைனஸுக்குப் போங்கள். பேஸ் கால் சும்மா இருக்கட்டும். ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு நடுவே எத்தனை வோல்ட்? 0.5ஐத் தாண்டினால் முதல் இடத்துக்கு அது ஆகாது. பிறகு பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் ஒன்றைப் போடுங்கள். முன்பைவிட எத்தனை வோல்ட் கூடியதோ அதை 100ஆல் பெருக்கினால் உண்மையான கெய்ன். முதலாவதுக்கு 70–90, இரண்டாவதுக்கு 110–130 நல்லது. அளக்கும்போது கையால் பிடிக்காதீர்கள், விரல் சூட்டிலேயே எண் ஏறும்.

கசிவு, கெய்ன் என்ற இந்த இரண்டு எண்ணையும் தர வேண்டியவர் விற்றவர். தருகிறாரா? "ஒரிஜினல் பழைய ஸ்டாக், மேட்ச்ட் பேர்" என்று பொட்டலத்தில் எழுதுவார். எதோடு மேட்ச் என்று கேட்டால் பதில் வராது. சிலிக்கானின் மேல் ஏசி128 என்று அச்சடித்துத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்டரின் டயோடு ரேஞ்சில் 0.6 காட்டினால் அது சிலிக்கான். அந்த வகையில் நீங்கள் பரவாயில்லை, கசிகிறது என்பதாலேயே உங்களுடையது ஜெர்மானியமாகத்தான் இருக்கும். திருப்பி அனுப்பலாம் என்றால், கவரைப் பிரித்த பாகத்தை எடுக்கமாட்டோம் என்று ஒரு விதி. பிரிக்காமல் எப்படி ஐயா அளப்பது? கசிவு எண்ணை எழுதித் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அடாப்டர் விஷயம். ஏசி128 பிஎன்பி வகை, அதனால் உங்கள் பெடலில் பிளஸ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் மைனஸ் கிரவுண்ட். கிடார் கேபிளின் வெளிக் கம்பிவலை எல்லாப் பெடல்களின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்கிறது. ஆகவே ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இதற்கும் கொடுத்தால் பிளஸும் மைனஸும் கேபிள் வழியாகவே முட்டிக்கொள்ளும். ஷார்ட்! 12 வோல்ட் மட்டுமல்ல, 9 வோல்ட் அடாப்டரானாலும் இதே கதிதான். இதற்கு மட்டும் தனி அடாப்டர் என்றால் சரி, அவுட்புட்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பவர் சப்ளை என்றாலும் சரி. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றில்லை. பேசாமல் பேட்டரி போடுங்கள்.

கசிவு குறைந்த டிரான்சிஸ்டர் கிடைத்ததும் சாக்கெட்டில் செருகுங்கள், நேரடியாகப் பற்றவைத்துச் சுட்டுவிடாதீர்கள். அப்புறம் 8.2 கே ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 20 கே ட்ரிம்பாட் (திருப்பி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்து, கலெக்டர் வோல்ட்டை 4.5க்குத் திருப்புங்கள். ஏசி அறையில் அல்ல, நீங்கள் வாசிக்கப்போகிற இடத்தில், பெடல் அரை மணி நேரம் அங்கே இருந்த பிறகு.