குழந்தைகள் புறநோயாளிப் பிரிவு: செவிலியர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் பயிற்சி மாணவர்களும் ஓரிரு பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. ஆனால் எந்தக் குழந்தை காத்திருக்கலாம், எந்தக் குழந்தையை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்று முதலில் முடிவு செய்வது பெரும்பாலும் நாம்தான். அந்த முடிவைப் பற்றியே பேசுகிறேன்.

சிஸ்டர், வரிசை நிறையக் குழந்தைகள். எல்லாருக்கும் காய்ச்சல். யாரை முதலில் பார்ப்பது?

தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன் வரிசையை ஒரு நடை நடந்து பாருங்கள். குழந்தையைத் தொடாமலே மூன்று விஷயம் தெரியும்: எப்படி இருக்கிறது (சுற்றிலும் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா), மூச்சுவிடச் சிரமப்படுகிறதா, தோல் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா. 39.5 டிகிரி செல்சியஸோடு ஓடி விளையாடும் பிள்ளையைவிட, 37.8 டிகிரியோடு அம்மா தோளில் சோர்ந்து கிடக்கும் பிள்ளைதான் எனக்கு முதலில். உரக்க அழுகிற குழந்தையை எல்லாரும் கவனித்துவிடுவார்கள். சத்தமே இல்லாத குழந்தையை நீங்கள்தான் தேட வேண்டும்.

அப்புறம் நான்கு கேள்வி. தண்ணீரோ தாய்ப்பாலோ குடிக்க முடிகிறதா? குடிப்பதை எல்லாம் வாந்தி எடுக்கிறதா? வலிப்பு வந்ததா? எழுப்பினால் எழுகிறதா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்காக வகுத்த வழிமுறையில் இவைதான் பொதுவான அபாய அறிகுறிகள். ஒன்று இருந்தாலும் வரிசை கிடையாது, நேராக மருத்துவரிடம்.

மூச்சை எண்ணினால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. எதை நம்புவது?

நீங்கள் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறீர்கள் என்றால் அதுதான் காரணம். கைக்குழந்தைகள் சில விநாடி வேகமாக மூச்சுவிட்டு, சற்று நிறுத்தி, மறுபடி தொடங்கும். முழு 60 விநாடி எண்ணினால்தான் சரியான கணக்கு.

குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். காய்ச்சல் பார்ப்பது, எடை போடுவது எல்லாவற்றுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒருமுறை அழத் தொடங்கிவிட்டால் எண்ணுவது வீண். சட்டையை மெதுவாகத் தூக்கச் சொல்லி, வயிறும் நெஞ்சும் சேருமிடத்தைப் பாருங்கள். 2 மாதத்துக்குக் கீழே 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40: இந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேக மூச்சு. 2 மாதத்துக்குக் கீழே 60ஐத் தொட்டால் இன்னொரு தரம் எண்ணி உறுதி செய்யுங்கள்.

எண்ணும்போதே கீழ் விலா எலும்புப் பகுதியிலும் ஒரு கண் இருக்கட்டும். மூச்சை இழுக்கும்போது அது உள்ளே போனால் நெஞ்சு உள்வாங்குகிறது என்று பொருள். அழும்போதோ பால் குடிக்கும்போதோ தெரிவது கணக்கில் வராது.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். கால் ஜில்லென்று இருந்தாலும், உதைத்துக்கொண்டே இருந்தாலும் அது தடுமாறும். கருமையான தோலில் உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டவும் கூடும்.

ஐந்து வாரக் குழந்தை, 38.2 டிகிரி, நன்றாகப் பால் குடிக்கிறது. பாரசிட்டமால் கொடுத்து அனுப்பலாமா?

கூடாது. 3 மாதத்துக்குக் கீழே 38ஐத் தொட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். இந்த வயதில் கடுமையான தொற்று இருந்தும் வெளியே காட்டாமல் இருக்கலாம். உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தாலும் (35.5க்குக் கீழே) அதே அவசரம்தான்.

போன முறை வாங்கிய பாரசிட்டமாலும் இப்போது வாங்கியதும் வேறு பாட்டில். அதே மில்லி கொடுக்கலாமா? (ஒரு அப்பா)

நல்ல வேளை கேட்டீர்கள். கணக்கு மில்லிகிராமில், எடையை வைத்து: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லியில் 120 மி.கி. என்றால் 6 மில்லிக்குச் சற்று மேல். 1 மில்லியிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். அதைப் போய் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலைக் கையோடு எடுத்து வாருங்கள், எத்தனை மில்லி என்று எழுதித் தருவார்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம், நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

பேதியில் தோலைக் கிள்ளிப் பார்ப்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

தொப்புளுக்கும் இடுப்பின் பக்கவாட்டுக்கும் நடுவில், விரல்நுனியால் இல்லாமல் விரல் பக்கத்தால் மடிப்பாகப் பிடித்து, ஒரு விநாடி வைத்துவிட்டு விடுங்கள். 2 விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் கடுமையான நீரிழப்பை நினைக்க வேண்டும். மிகவும் மெலிந்த குழந்தையில் நீரிழப்பு இல்லாமலே மடிப்பு நிற்கும். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையில் நீரிழப்பு இருந்தாலும் மடிப்பு நிற்காது. ஆகவே குழிவிழுந்த கண்கள், தாகம், எரிச்சல் இவற்றையும் சேர்த்தே பாருங்கள். ஓரளவு நீரிழப்பு என்றால் 4 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்). 8 கிலோ என்றால் 600 மில்லி. வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூனால் மெதுவாக.

எல்லா அளவும் சரியாக இருக்கிறது. ஆனால் அம்மா “ஏதோ சரியில்லை சிஸ்டர்” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

அதையும் ஒரு அறிகுறியாகக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பெல்ஜியத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோய் கடுமையாகத் தெரியாதபோதும் “ஏதோ சரியில்லை” என்று மருத்துவருக்குத் தோன்றியது பொருட்படுத்த வேண்டியதாகவே இருந்தது. அந்த எண்ணத்தைத் தூண்டியவற்றில் ஒன்று, இந்த நோய் முன்பு வந்தவை போல இல்லை என்ற பெற்றோரின் கவலை. எனவே “இதற்கு முன் காய்ச்சல் வந்தபோது எப்படி இருந்தான், இப்போது என்ன வித்தியாசம்?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில் பல நேரம் ரத்த அழுத்தத்தைவிடப் பயன்படும். குழந்தைகளில் ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். சந்தேகம் தீரவில்லையா, ஒரு மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

டாக்டருக்கு போன் செய்தால் “காய்ச்சல்தானே, வெயிட் பண்ணட்டும்” என்கிறார்.

“பேபி டல்லா இருக்கு சார்” என்று தொடங்கினால் அப்படித்தான் வரும். “எட்டு மாதக் குழந்தை, மூன்று நாள் இருமல், மூச்சு நிமிடத்துக்கு 58, நெஞ்சு உள்வாங்குகிறது, காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. நிமோனியா என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்.” இப்படிச் சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம். அப்படியும் வரவில்லை என்றால் அடுத்த மூத்தவரைக் கூப்பிடுங்கள், நேரத்தைக் குறித்துவையுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

“ஏதாவதுன்னா வாங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். எது அந்த ‘ஏதாவது’ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பால் குடிக்க மறுத்தால், மூச்சு வேகமானால், எழுப்ப முடியாமல் தூங்கினால், கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வந்தால், நள்ளிரவானாலும் வரச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லவையுங்கள். விட்டுப்போனது அப்போதுதான் தெரியும்.

லேசான சளி. தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். லேசான சளி, சிறிய காய்ச்சல் தடுப்பூசிக்குத் தடை இல்லை. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் இருந்தால் மட்டும் தேறிய பிறகு போடலாம்.