காட்டுப்பன்றிக்கு வேலி: மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுக்கலாமா?

கேள்வி: அந்தியூர் பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. காப்புக்காட்டு எல்லை ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. ஆடிப்பட்டத்தில் போட்ட நிலக்கடலையைக் காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாகக் கிளறிவிடுகின்றன. மோட்டார் அறையிலிருந்து ஒற்றைக் கம்பி இழுத்து, இரவில் மட்டும் மின்சாரம் விட்டால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். முன்பணம் இருபதாயிரம் கொடுத்தால் முழு மானியத்தில் சோலார் வேலி போட்டுத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். பன்றியைச் சுட அரசே அனுமதித்துவிட்டது என்றும் பேசிக்கொள்கிறார்கள். நான் எதைச் செய்வது?

பதில்: மோட்டார் அறைக் கம்பியை இன்றே மறந்துவிடுங்கள். உங்களைப் போன்ற நல்ல விவசாயிகளைச் சிறைக்கு அனுப்புவது அந்த யோசனைதான். அதைச் சொல்லிக்கொடுத்தவர் வழக்கு வரும்போது உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

இரண்டு வேலிக்கும் உள்ள வேறுபாட்டை வாய்க்கால் கணக்கில் சொல்கிறேன். மோட்டார் இணைப்பிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் மடை திறந்த தண்ணீர். தொட்டவரின் தசை இறுகிக்கொள்ளும், கையை விடுவிக்க முடியாது, ஓட்டம் நிற்கவும் செய்யாது. சோலார் வேலியில் இருக்கும் எனர்ஜைசர் என்ற பெட்டி, 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டுமே கம்பியில் விடுகிறது. அது சொட்டு நீர் போன்றது. சுரீரென்று அடிக்கும், பன்றி அலறிக்கொண்டு ஓடும், ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவே விலகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. பெட்டியில் எத்தனை ஆயிரம் வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மின்சாரம் எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் உடலுக்குள் ஓடுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, இப்படித் தோட்டத்தில் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் இறந்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்ததை மாநிலமே பார்த்தது. நிலத்துக்காரர் கைதானார். யானை இறந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் மனிதர் இறந்தால் அது தனிக் குற்ற வழக்கு. பாசனத்துக்குத் தந்த மின்சாரத்தை வேலிக்குத் திருப்பியதற்கு மின்சாரச் சட்டம் 135ஆம் பிரிவு வேறு காத்திருக்கிறது. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கூடாது. அது மேய்ச்சலுக்குப் போன உங்கள் மாட்டின் வாயையும் கிழிக்கும்.

சுடும் அனுமதி பற்றிய பேச்சுக்கு வருகிறேன். இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் துப்பாக்கியோடு புறப்படுகிறவர்கள் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசின் அறிவிப்பு நிலத்தை மூன்று வளையமாகப் பிரிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடலாம். அப்போதும் சுடுகிறவர்கள் வனத்துறையினர், நீங்கள் அல்ல. உங்கள் நிலம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருப்பதால் வனத்துறை வந்து பன்றியைப் பிடிக்கும் வழி மட்டுமே உங்களுக்கு. உங்கள் உறவினர் யாராவது மூன்றரைக் கிலோமீட்டரில் இருந்தால், அவருக்கும் இது துப்பாக்கி உரிமம் ஆகாது. அவர் மனு கொடுக்கலாம், அவ்வளவுதான். தூரத்தைக் காப்புக்காட்டின் எல்லையிலிருந்து அளக்க வேண்டுமே தவிர, ஊர்க்கோடியில் தெரியும் புதரிலிருந்து அல்ல. பன்றி உங்கள் வயலுக்குள் நிற்பதால் அது உங்களுடையதாகிவிடாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது, கண்ணி வைப்பதும் சட்டத்தின் கண்ணுக்கு வேட்டைதான்.

ஆக, உங்களுக்கு மிஞ்சுவது சோலார் வேலி. தமிழக அரசின் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலி போடுபவர் மாவட்ட வன அலுவலரிடம் முன் அனுமதி பெற வேண்டும். எனர்ஜைசர் ஐ.எஸ். 302-2-76 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வனச்சரக அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகையைக் கையோடு வாங்குங்கள். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். போங்கள். பயிர்ச் சேத இழப்பீட்டு மனுவாக இருந்தாலும் இதே கதைதான். கிராம நிர்வாக அலுவலர் வேளாண்மைத் துறையைக் காட்டுவார், அவர்கள் வனத்துறையைக் காட்டுவார்கள், பார்வையிட ஆள் வருவதற்குள் நீங்கள் அடுத்த பட்டத்துக்கு உழுதிருப்பீர்கள். ஒரு கடலைக்கொடிக்கு மூன்று அலுவலகம் எதற்கு என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன், பதில் சொல்ல ஆளில்லை. எனவே சேதமான அன்றே, கால்தடமும் கிளறிய பாத்தியும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரிடம் இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை தரும் மானியம் செலவில் ஒரு பங்கு மட்டுமே. "முழு மானியம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் பணத்தை மடியில் முடிந்துகொள்ளுங்கள். மானியத்துக்கு உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. மானியம் இருக்கிறது என்பதற்காகவே விலையை ஏற்றிவைத்து, தரமுத்திரை இல்லாத பெட்டியைத் தலையில் கட்டுகிறவர்களை வேண்டிய அளவு பார்த்துவிட்டேன்.

இவர்கள் முதலில் கஞ்சத்தனம் காட்டும் இடம் எர்த் கம்பி, அதாவது பெட்டியை மண்ணோடு இணைக்க நிலத்தில் அடிக்கும் கம்பி. சில ஆண்டுகளுக்கு முன் கோபி பக்கம் ஒரு தோட்டத்தில், புது வேலியைப் பன்றிகள் சட்டை செய்யாமல் நுழைகின்றன என்று அழைத்தார்கள். வேலி மீட்டரை வைத்துப் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் வோல்ட்தான். பெட்டியிலிருந்து போன எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முழ நீளத்தில் ஒரே ஒரு கம்பியைக் காய்ந்த செம்மண்ணில் சொருகியிருந்தார்கள், கையால் ஆட்டினால் ஆடியது. அதன் அடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அளந்தோம், முள் ஐயாயிரத்தைத் தொட்டது. பன்றியின் உடலில் இறங்கும் மின்சாரம் மண் வழியாகத்தான் பெட்டிக்குத் திரும்புகிறது. மண் காய்ந்தால் அந்த வழி அடைபடுகிறது.

ஆகவே ஆறடிக்குக் குறையாத மூன்று எர்த் கம்பிகளை, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, மோட்டார் எர்த்திலிருந்து முப்பத்துமூன்றடியாவது விலகி அடிக்கச் சொல்லுங்கள். வேலியின் அடிக்கம்பி தரையிலிருந்து முக்கால் அடிக்குள்ளும் அடுத்தது ஒன்றரை அடி உயரத்திலும் இருக்கட்டும். பன்றியின் முதுகு மயிர் மின்சாரத்தை உள்ளே விடாது, ஈர மூக்கு பட்டால்தான் அடி விழும். கம்பியைத் தொடும் புல்லை வாரம் ஒரு முறை அறுத்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் மற்ற பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது அந்த மூன்று எர்த் கம்பிகளின் அடியிலும் தலா ஒரு குடம் ஊற்றிவிட்டு வாருங்கள்.