செபமாலை கையில் எடுக்க மனம் வராவிட்டால்

கேள்வி: 2009இல் கடைசிக்கட்டப் போரில், முல்லைத்தீவு வலைஞர்மடத்தில் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) இருந்து நானும் தங்கச்சியும் சத்தமாகச் செபமாலை சொன்னோம். தண்ணி எடுக்க வெளியே போனவள் திரும்பவில்லை. அதுக்குப் பிறகு எனக்குச் செபம் வருவதில்லை. அம்மா ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். நம்பிக்கை இல்லாமல் போய் நிற்பது நடிப்பு இல்லையா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புள்ள பிள்ளைக்கு,

உங்கள் செபத்தில் குறை இருந்ததால் தங்கச்சி போகவில்லை. இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால்தான் முதலில் எழுதுகிறேன். சீலை கிழித்துத் தைத்த மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து மன்றாடாதவர் யார்? செல் (எறிகணை) அதைக் கேட்டு விழவில்லை.

'எல்லாம் ஆண்டவருடைய சித்தம்' என்று பிரசங்கம் வைத்த ஒரு பூசையிலிருந்து நானே எழும்பி வெளியே போயிருக்கிறேன். திருப்பாடல் 88ஐ ஒருக்கா வாசித்துப் பாருங்கள். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டு, ஆறுதல் எதுவும் கிடைக்காமல், இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

மடு மாதா காப்பாற்றிவிடுவா என்று நான் சொல்லப்போவதில்லை. 1999 நவம்பரில் அந்தக் கோயிலில் தஞ்சம் இருந்த சனத்தின் மேலேயே செல் விழுந்தது. 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வர, சுவாமிமார் மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணியில்தான் திரும்பி வந்தது. அதுக்கு முதல், 1670 அளவில், ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய சனம் காவிவந்த சுரூபமும் அதுதான். எங்களைப் போலவே மாதாவும் இடம்பெயர்ந்து வந்தவ. எனக்கு அவவோடு கதைக்க முடிகிறதென்றால் அதனால்தான். உங்களுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை.

சரி, மடுவுக்குப் போவதா? போங்கள். ஆனால் வெளிக்கிட முதல் அம்மாவிடம் நேரே சொல்லுங்கள்: "நான் உங்களோடு வாறன், செபம் சொல்லமாட்டன்." சொல்லிவிட்டால் அதில் நடிப்பு ஏது? அம்மாவுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் மாதாவிடம் என்ன கேட்டுச் சண்டை பிடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதே.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னமே போய், மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டிச் சமைத்துத் தங்குங்கள். தறப்பாள் பழைய ஞாபகத்தைக் கிளறும் என்றால், காலையில் பஸ்ஸில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். அம்மா தங்கச்சியின் பெயருக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடியுங்கள். அன்றைக்கு அது போதும்.