இந்தியன் ஓஷன் பேண்ட் வாசிக்கறது ராக்கா, ஃப்யூஷனா? அந்த சவுண்டை எப்படி விவரிக்கறது?

ஃப்யூஷன்னு மட்டும் சொல்லாதீங்க, அது ஒண்ணுதான் என் வேண்டுகோள். ராக்னு சொல்லுங்க, டெல்லி ராக்னு சொன்னா இன்னும் சந்தோஷம். கேட்ட விதத்தைப் பாத்தா நீங்க காலேஜ்ல படிக்கறவர்னு தோணுது, ஹாஸ்டல்ல யாராவது "தபேலா வெச்சு வாசிச்சா அது எப்படி ராக் ஆகும்"னு மடக்கியிருப்பாங்க. அதே கேள்விய என்கிட்ட ஒருத்தர் மேடைல மைக் புடிச்சு கேட்டிருக்கார், அதனாலதான் உக்காந்து இவ்ளோ நீளமா எழுதறேன். நான் பேஸ் கிடார் வாசிக்கறவன், காதால கேட்டும் கையால வாசிச்சும் தெரிஞ்சதைத்தான் சொல்றேன். தியரி படிச்சவங்க கமெண்ட்ல திருத்தலாம், ஆனா முழுசா படிச்சிட்டு திருத்துங்க.

முதல்ல ஆளுங்க யாருன்னு சொல்லிடறேன். சுஷ்மித் சென் கிடார், அசீம் சக்ரவர்த்தி தபேலாவும் பாட்டும், இவங்க ரெண்டு பேரும் 80கள்லயே டெல்லில சேந்து வாசிக்க ஆரம்பிச்சவங்க, 1990ல பேண்ட் ஆச்சு. அப்புறம் ராகுல் ராம் பேஸுக்கும் பாட்டுக்கும் வந்தார், 1994ல அமித் கிலாம் டிரம்ஸுக்கு வந்தார். நான் பேசறது இந்த நாலு பேர் சவுண்டைப் பத்தி.

இப்ப விஷயத்துக்கு வரேன். கார்ட்னா ரெண்டு மூணு ஸ்வரத்தை ஒண்ணா சேத்து மீட்டறது, இவங்க பாட்டுல அது பெருசா மாறாது. கவனிச்சுக் கேளுங்க. சாதாரண ராக் பாட்டுன்னா கிடார் ஒரு கார்ட்ல ஆரம்பிச்சு நாலு கார்ட் சுத்திட்டு திரும்ப வீட்டுக்கு வரும், பாட்டோட உணர்ச்சியே அந்த மாத்தத்துலதான் இருக்கும். இங்க அப்படி இல்ல, ஒரு சுருதி கீழ ஓடிட்டே இருக்கும், அதுக்கு மேல கிடார் தனித்தனி ஸ்வரமா நடந்து போகும். சுஷ்மித் சென் பெரும்பாலும் கிடார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்கற டிஸ்டார்ஷன் போடாம, தந்தி தந்தியா எண்ணிப் பாக்கற மாதிரி வாசிப்பார், ஒரு தந்தில மெலடி போகும், பக்கத்து தந்தி சும்மா திறந்த நிலைல ஒலிச்சிட்டே இருக்கும். சிதார் மாதிரி வாசிக்கறாருன்னு நிறைய பேர் சொல்வாங்க, எனக்கு அது பத்தாது, ஏன்னா அவர் சிதாரைக் காப்பி அடிக்கல, கிடார்லயே ஒரு தம்புராவ ஒளிச்சு வெச்சிருக்கார்.

இது ஏன் முக்கியம்னா, கார்ட் போட்டா ராகம் அடிபடும். மைனர் கார்ட்ல ஒரு காந்தாரம், அதாவது ச ரி க-ல வர்ற க, ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும். ஆனா பாடறவர் அந்த காந்தாரத்தை அசைச்சுத்தான் பாடுவார், அதுதான் கமகம். அவர் அசைக்க அசைக்க கீழ கார்ட் அசையாம நின்னா ரெண்டும் முட்டிக்கும். பாதி ஃப்யூஷன் பாட்டு கேக்கும்போது ஏதோ ஒட்டலயேன்னு நமக்குத் தோணறதுக்கு இதுதான் காரணம். அதே நேரம் ராக்காரங்க தினமும் போடற பவர் கார்டைப் பாருங்க, அதுல காந்தாரமே கிடையாது, சாவும் பாவும் மட்டும்தான். தம்புரால மீட்டறதும் சாவும் பாவும்தானே? அதாவது ராக்கும் ராகமும் சந்திக்கறதுக்கு கதவு ஏற்கெனவே இருந்திருக்கு, இந்தியன் ஓஷன் அந்தக் கதவு வழியா உள்ள வந்தாங்க. அவங்க இப்படி யோசிச்சு செஞ்சாங்கன்னு நான் சொல்லல, காதுல விழறதை சொல்றேன்.

ரெண்டாவது, தாளம். நிறைய பேண்ட்ல தபேலா கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்குப் போட்டுட்டு சாப்பிடும்போது ஓரமா ஒதுக்கிடுவாங்க. இங்க தபேலா வாசிக்கற மனுஷன்தான் பாடவும் செய்யறார். அசீம் மேடைல சம்மணம் போட்டு உக்காந்து கையால தாளமும் தொண்டையால பாட்டும் சேத்துக் குடுப்பார், அதனால வரி எங்க மூச்சு விடுதோ அங்க தபேலாவும் மூச்சு விடும். அமித்தோட டிரம்ஸ் அதுக்கு மேல ஏறி உக்காராது. தபேலா நடையைப் புடிச்சிட்டு ஓடும்போது டிரம்ஸ் சிம்பல்ல சும்மா தொட்டுட்டு இருக்கும், பாட்டு கனம் ஏற வேண்டிய இடத்துல மட்டும் கிக், அதாவது காலால அடிக்கற பெரிய டிரம், உள்ள இறங்கும். ரெண்டு தாளவாத்தியம் இருக்கற பேண்ட்ல இவ்ளோ காலி இடம் கேக்கறது ரொம்ப அபூர்வம்.

"மா ரேவா" கேட்டிருப்பீங்க. ரேவான்னா நர்மதா நதி, அது அந்த ஆத்தங்கரை ஜனங்க பாடற பாட்டு. ராகுல் ராம் அமெரிக்கால கார்னெல் யுனிவர்சிட்டில சுற்றுச்சூழல் நச்சியல்ல டாக்டரேட் முடிச்சிட்டு வந்து நர்மதா பச்சாவ் ஆந்தோலன்ல வேலை செஞ்சவர், அணைக்கு எதிரா அந்த ஊர் ஜனங்களோட நின்னவர். அதனால அந்தப் பாட்டுல நாட்டுப்புற டச் குடுக்கலாம்னு எங்கயோ தேடி எடுத்து ஒட்டின வாசனையே வராது. ஆரம்பத்துல டொய்ங் டொய்ங்னு வளைஞ்சு வளைஞ்சு ஒரு சத்தம் வருமே, அது கப்குபி, வங்காளத்துல "பால்"னு (Baul) சொல்ற நாடோடிப் பாடகர்கள் வாசிக்கறது. சின்ன மேளம் மாதிரி ஒண்ணை அக்குள்ல இடுக்கிக்கணும், அதோட தோல்ல இருந்து வர்ற தந்தியை ஒரு கைல இழுத்துப் புடிச்சு இன்னொரு கையால மீட்டணும், இழுக்கற இழுப்புக்கு ஏத்த மாதிரி சுருதி ஏறி இறங்கும். அது தாளமா ராகமான்னு கேட்டா ரெண்டும்தான். அதை வாசிக்கறது யாருன்னா டிரம்மர் அமித். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன், இந்த பேண்ட்ல யாருக்கும் நிரந்தரமான நாற்காலி கிடையாது. தாளக்காரர் மெலடி குடுப்பார், பேஸ் முன்னாடி வந்து பாட்டை இழுத்துட்டுப் போகும், கிடார் பின்னாடி நின்னு சுருதி புடிக்கும்.

"கந்தீசா" இன்னொரு உலகம். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களோட பழைய அரமேயிக் மொழிப் பிரார்த்தனை அது. அதை டெல்லில ஒரு ராக் பேண்ட் பாடுது, ஒரு வார்த்தை புரியாம எத்தனையோ பேர் கூடவே பாடறாங்க. எல்லாக் குரலும் சேந்து ஒரே சுருதில மெதுவா எழும்பி வர்ற அந்த இடத்துல கிடார் சோலோ போட்டு யாரும் திறமை காட்டல. 2000ல "கந்தீசா"ங்கற பேர்லயே வந்த அதே ஆல்பத்துலதான் "மா ரேவா"வும் இருக்கு, "ஹில்லே லே"யும் இருக்கு, அது கோரக் பாண்டேன்னு ஒரு புரட்சிக் கவிஞர் எழுதினது. பிரார்த்தனை, ஆத்துப் பாட்டு, போராட்டப் பாட்டு மூணும் ஒரே தட்டுல இருந்தும் மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்குன்னா, காரணம் அந்த சுருதிதான்.

இப்ப என் கதை. காலேஜ்ல நாங்க ஒரு பேண்ட் வெச்சிருந்தோம். கிடார், டிரம்ஸ், நான் பேஸ், கூட கும்பகோணத்துப் பையன் ஒருத்தன் மிருதங்கம். அவன் தாத்தாகிட்ட முறையா கத்துக்கிட்டவன். பக்கத்து ஊர் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ராக் பேண்ட் போட்டின்னு போட்டிருந்தாங்க, நாங்க "மா ரேவா" எடுத்தோம். ரிகர்சல்ல முதல் பிரச்சனை சுருதி. மிருதங்கம் 2 கட்டைக்கு, அதாவது டி சுருதிக்கு நின்னுது, அப்ப எங்க கிடாரிஸ்ட் அடித் தந்தியை டி வரைக்கும் இறக்கற டிராப் டி வெச்சான், மெட்டல் பசங்க வெக்கற அதே டியூனிங். கீழ் மூணு தந்தியும் டி, ஏ, டி. அவன் சும்மா மீட்டினதும் மிருதங்கக்காரன் நிமிர்ந்து பாத்து "டேய், இது சா பா சா டா"ன்னான். அந்த நிமிஷத்துல எங்களுக்கு இந்த பேண்டோட ரகசியம் பாதி புரிஞ்சுது.

அடுத்த பிரச்சனை அடி சத்தம். மிருதங்கத்தோட இடது பக்கத்துக்குப் பேர் தொப்பி, அதுல ரவை தடவி அவன் ஒரு கும்கி, அதாவது கையை அழுத்தி வளைக்கற அடி சத்தம், குடுத்தா அதுவும், டிரம்ஸோட கிக்கும், என் பேஸும் மூணும் ஒரே இடத்துல போய் விழுது, எதுவும் தெளிவா கேக்கல, சேறு மாதிரி இருந்துது. கடைசில டிரம்மர் ஆவர்த்தனத்தோட, அதாவது ஒவ்வொரு தாளச் சுத்தோட, முதல் அடில கிக் போடறதை விட்டான், அந்த இடம் தொப்பிக்குன்னு குடுத்தோம். நான் அதுக்கப்புறம்தான் உள்ள வருவேன். கப்குபி எங்க கிட்ட இல்ல, அதுக்குப் பதிலா பேஸ்ல தந்தியை வளைச்சு ஆரம்பம் குடுத்தேன். முட்டி முட்டி ஒரு நாள் ராத்திரி அது சேந்துச்சு பாருங்க, நாலு பேரும் வாசிச்சு முடிச்சிட்டு யாரும் பேசல. நான் இன்னிக்கு வரைக்கும் வாசிச்சதுலயே அதுதான் எனக்குப் பெருமை.

போட்டி அன்னிக்கு சவுண்ட் ஆளுங்க டிரம்ஸுக்கு வரிசையா மைக் வெச்சாங்க, மிருதங்கத்துக்கு மைக் லிஸ்ட்ல இல்லன்னாங்க, கெஞ்சி பாட்டு மைக் ஒண்ணை வாங்கி தரையில வெச்சோம். வாசிச்சு முடிச்சதும் கூட்டம் நல்லாவே கத்துச்சு. ஜட்ஜ் மைக்கை எடுத்தார். "தம்பி, நல்லாத்தான் வாசிக்கறீங்க, ஆனா மிருதங்கம் வெச்சா அது ராக் இல்லப்பா, நீங்க லைட் மியூசிக்ல பேர் குடுத்திருக்கணும்"னார். நான் இந்தியன் ஓஷன் பேரைச் சொன்னேன், அவர் "அது ஃப்யூஷன் தம்பி"ன்னு முடிச்சிட்டார். எங்களை போட்டிலயே எடுத்துக்கல. பரிசு வாங்கினவங்க ஒரு இங்கிலீஷ் பாட்டை ரெக்கார்டுல இருக்கற மாதிரியே வாசிச்சாங்க, நல்லாத்தான் வாசிச்சாங்க, அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா கீழ இறங்கும்போது மிருதங்கக்காரன் முகத்தைப் பாத்தேன். அவன் அதுக்கப்புறம் எங்களோட மேடை ஏறவே இல்ல.

அவன் இப்பவும் வாசிக்கறான், ரிசப்ஷன் கச்சேரி, சில கம்பெனி ஃபங்ஷன். இதை சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும் பரவால்ல. அந்த மாதிரி நிகழ்ச்சில போஸ்டர்ல பாடறவர் பேர் இருக்கும், கிடாரிஸ்ட் போட்டோ கூட இருக்கும், தாளவாத்தியக்காரன் பேர் இருக்காது. பணம் கடைசில வரும், அதுவும் குறைச்சு வரும், கேட்டா "நீங்க பக்கவாத்தியம்தானே சார்"னு சொல்றாங்க. காத்தால வந்து கல்லும், புள்ளுன்னு சொல்ற மரத்துண்டும் வெச்சு தட்டித் தட்டி சுருதி சேத்து, ஏசி போட்டதும் மாறிப் போன சுருதியை திரும்ப சேத்து, மூணு மணி நேரம் மொத்தக் கச்சேரியையும் தூக்கிப் புடிக்கறவன் பக்கமா? ஏற்பாடு பண்றவங்க யாராவது இதைப் படிச்சா தயவு செஞ்சு பேரையாவது போடுங்க.

சரி, வரப்போற கமெண்டுக்கு இப்பவே பதில். "சக்தின்னு ஒரு பேண்ட் இருக்கே, இந்தியன் ஓஷனுக்கு முன்னாடியே எல்லாம் செஞ்சாச்சே"ன்னு ஒருத்தர் வருவார். சக்தியை நான் கும்பிடறேன், விக்கு விநாயக்ராம் கடமும் ஜாகிர் உசேன் தபேலாவும் பேசிக்கறதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா அது ஜாஸ் வழி, மேதைங்க ஒருத்தருக்கொருத்தர் பதில் சொல்ற கச்சேரி. இந்தியன் ஓஷன்ல பாட்டுதான் பெருசு. "அகம்" பேண்டைச் சொல்வீங்க, பெங்களூர்க்காரங்க, எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா அங்க கர்நாடக சங்கீதம் நடுவுல நிக்கும், ராக் அதைச் சுத்தி கோட்டை கட்டும். மதர்ஜேன் பேண்ட்ல பைஜு தர்மஜன் டிஸ்டார்ஷன் போட்ட கிடார்லயே கமகம் கொண்டு வந்தார், அது வேற ஒரு சாதனை. ஒண்ணை உசத்தி இன்னொண்ணைத் தாழ்த்த வரல, ஒவ்வொருத்தர் சேர்க்கற விதம் வேறன்னு சொல்றேன், எல்லாத்தையும் ஃப்யூஷன்னு ஒரே டப்பால போட்டா இந்த வித்தியாசம் எதுவுமே காதுல விழாது.

எங்க ஆரம்பிக்கறதுன்னா "டெசர்ட் ரெயின்" ஆல்பம் கேளுங்க. 1997 ஜனவரி 1ஆம் தேதி டெல்லில தெரு நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி நினைவா நடந்த கச்சேரில நேரடியா பதிவு பண்ணினது, ஸ்டுடியோ பாலிஷ் இல்லாததால யார் எங்க விட்டுக்குடுக்கறாங்கன்னு நல்லாத் தெரியும். அப்புறம் "கந்தீசா", அப்புறம் "ஜினி". அனுராக் காஷ்யப்போட "பிளாக் ஃபிரைடே" படத்துல வர்ற "பந்தே" உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், பியூஷ் மிஸ்ரா எழுதினது. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, ராகுல் ராமோட பேஸ் மொத்தமா காணாமப் போயிடும், பேஸ் போனா பாதி பாட்டு போச்சு.

அசீம் 2009 டிசம்பர் 25 அன்னிக்கு இறந்துட்டார். அவர் குரலோட "16/330 கஜூர் ரோடு" ஆல்பம் 2010ல வந்துது, கரோல் பாக்ல அவங்க ரிகர்சல் பண்ணின பழைய வீட்டு விலாசம்தான் அந்தப் பேர், பாட்டை இன்டர்நெட்ல மாசம் ஒண்ணா இலவசமாவே குடுத்தாங்க. 2013ல சுஷ்மித் சென்னும் விலகிட்டார். இப்ப கிடார்ல நிகில் ராவ், தபேலால துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. அதோட பேண்ட் முடிஞ்சு போச்சுன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. சவுண்ட் மாறியிருக்கு, கிடார் இப்ப இன்னும் கொஞ்சம் ராக் பக்கம் சாய்ஞ்சிருக்கு, அந்த ஒத்தைத் தந்தி நடை எனக்கு ஏக்கமாத்தான் இருக்கு. ஆனா 2014ல வந்த "தாண்டனு" ஆல்பத்துல நம்ம செல்வகணேஷ் கஞ்சிராவோட வந்து சேர்றார், வயலின் குமரேஷும் வர்றார், அவங்களுக்கும் தனியா நாற்காலி போடாம நடுவுலயே உக்கார வெச்சிருக்காங்க. தமிழ்க் காதுக்கு அங்கிருந்து பின்னாடி நோக்கிப் போறதும் நல்ல வழிதான்.