இனி பல்கலைக்கழகம் எதற்கு? ஒரு பேராசிரியரின் பதில்கள்

கேள்வி: சார், எல்லாப் பாடமும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இனி வகுப்பறை எதற்கு?

பதில்: 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நோர்விக்கும் இணையவழியில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளங்கள் வந்தன. பல்கலைக்கழகங்களின் கதை முடிந்தது என்று அப்போதே பேச்சு எழுந்தது. ஆனால் இத்தகைய இலவசப் பாடங்களில் பத்தில் ஒருவர் முடித்தாலே பெரிது. வேடிக்கை பார்க்கச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு, சரி. உண்மையிலேயே படிக்க வந்தவர்களுக்கும், "இந்த இடத்தில் தடுமாறுகிறாய், திரும்ப எழுது" என்று சொல்ல ஆளில்லை. ஆசிரியர் வேலையின் உயிரே அதுதான் என்று நம்புகிறேன்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை நான். மாணவர்கள் அசைன்மென்ட்டைச் சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: எழுதியது மாணவரா இயந்திரமா என்று கண்டுபிடித்துத் தரும் மென்பொருளை நம்பாதீர்கள், அம்மா. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023-ல் நிறுத்திவிட்டது. சொந்தமாக எழுதிய பிள்ளைமேல் பழி விழுந்தால் அந்தக் காயம் ஆறாது. முதல் வரைவை வகுப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் எதிரே உட்காரவைத்து, இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று கேளுங்கள். வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முனைவர் பட்டத்துக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

நூறு பேர் இருக்கும் வகுப்பில் முடியாது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் புதிய கருவிகளைவிட, நிரப்பப்படாத ஆசிரியர் இடங்களும் ஒப்பந்த நியமனங்களும் என்னை அதிகம் கவலைப்பட வைக்கின்றன. அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் எப்படி நிதானமாக மாணவரின் எழுத்தைப் படிப்பார்?

கேள்வி: பட்டம் போய், குறுகிய காலச் சான்றிதழ்களே போதும் என்றாகிவிடுமா?

பதில்: மென்பொருள் போன்ற சில வேலைகளுக்குப் போதலாம். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு வாய்ப்பில்லை.

கேள்வி: என் மகளுக்கு வரலாறு பிடிக்கும். வேலை கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பிடித்ததையே படிக்கட்டும். கூடவே புள்ளியியலும் இன்னொரு மொழியும் கற்கச் சொல்லுங்கள். கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே படிக்கும் மாணவர்களிடம், ஆசிரியர்கள் கட்டுரையைப் படித்துக் குறிப்பெழுதித் திருப்பித் தருகிறார்களா என்று விசாரியுங்கள்.