அந்த நாற்றத்துக்கு அரை சென்ட்

இந்த வாரம் ஓர் அக்கா அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்தேன். அதைக் கோப்பிக்கடையில் சொல்லப்போக, அங்கிருந்தே இன்னும் நாலைந்து கேள்வி முளைத்துவிட்டது. அதனால் ஜாதகம், பென்ஷன், கோழிக்கறி மசாலா கேட்டவர்கள் எல்லாம் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணே, என் மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பக்கம் இருக்கிறாள். போன குளிர்காலத்தில் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் எருமை படுத்துக் கிடப்பதுபோல் ஒரு வெள்ளைக் காஸ் தொட்டி. நிரப்ப வந்தவர் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார், அதில் ஓர் இடத்தைச் சுரண்டினால் அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. பின்னட்டையில் புரோப்பேன் கல்வி மன்றம் என்று என்னவோ போட்டிருந்தது. மகள் அது கவர்மெண்ட் என்கிறாள், மருமகன் காஸ் கம்பெனிக்காரர்களின் சங்கம் என்கிறார். யார் சொல்வது சரி?
*வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா*

பதில்: மருமகனுக்கு முக்கால், மகளுக்குக் கால். அக்கா, இரண்டு பேரையும் சண்டை போடாமல் உட்கார வையுங்கள், கதை கொஞ்சம் நீளம்.

1910-இல் பிட்ஸ்பர்க்கில் வால்டர் ஸ்னெல்லிங் என்று ஒரு வேதியியல் நிபுணர், அமெரிக்கச் சுரங்கத் துறையில் வேலை பார்த்தவர். ஃபோர்டு கார் வைத்திருந்த ஒருவர், வாங்குகிற பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேருவதற்குள் ஆவியாகிப் போகிறது என்று புலம்ப, இவர் ஒரு ஜாடியில் பெட்ரோலைப் பிடித்து வந்து பார்த்தால் அடைத்த தக்கை திரும்பத் திரும்பத் துள்ளி விழுகிறது. அந்த ஆவியைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவற்றில் ஒன்றுதான் புரோப்பேன். அழுத்தினால் தண்ணீர்போல் ஆகும், திறந்துவிட்டால் காஸ் ஆகும். குழாய் போகாத கிராமத்துக்கெல்லாம் தொட்டியில் கொண்டுபோகலாம். 1931-இல் இந்த வியாபாரிகள் தேசிய அளவில் ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள்.

ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சின்ன ஆட்கள். நம் ஊரில் லோரியில் காஸ் தோங் (சிலிண்டர்) ஏற்றி வரும் தவுக்கே (முதலாளி) மாதிரி, அப்பன், மகன், இரண்டு லோரி, ஒரு கணக்குப் பிள்ளை. எதிரில் நிற்பதோ மின்சாரக் கம்பெனி. அவர்கள் டிவியில் விளம்பரம் போடுவார்கள், புது வீடு கட்டுகிறவனைப் பிடித்து மின்சார அடுப்பு, மின்சார ஹீட்டர் என்று எல்லாவற்றையும் மாட்டிவிடுவார்கள். இரண்டு லோரிக்காரன் என்ன செய்வான்? நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு விளம்பரம் செய்தாலும், பணம் போடாத ஐந்தாமவனுக்கும் அதே வியாபாரம் கிடைக்கும். தேர் இழுக்க வராதவனும் பிரசாத வரிசையில் முதல் ஆளாக நிற்பான், நமக்குத் தெரியாததா?

அதனால்தான் சட்டத்திடம் போனார்கள். டெக்சாஸ் மாநிலம் 1991-லேயே ஒரு துறை வைத்து, விற்கிற புரோப்பேனுக்குக் கட்டணம் வசூலித்து ஆராய்ச்சி, பயிற்சி, விளம்பரம் என்று ஆரம்பித்தது. ஒக்லஹோமாவில் இதே வேலைக்கு இருக்கிற ஆணையத்தின் பெயரிலேயே ஆராய்ச்சி, சந்தைப்படுத்தல், பாதுகாப்பு மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். ஒளிவுமறைவே இல்லை. மிசூரியிலும் மாநிலச் சட்டத்தின் கீழ் ஒரு மன்றம் உண்டு, நீங்கள் பார்த்த முத்திரை அதனுடையதாக இருக்கலாம்.

அப்புறம் நாடு முழுக்க ஒன்று வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. 1996 அக்டோபர் 11-ஆம் தேதி அதிபர் கிளிண்டன் கையெழுத்துப் போட்டார். உடனே வசூல் தொடங்கவில்லை. உற்பத்தி செய்கிறவர்கள் ஒரு பக்கம், சில்லறையாக விற்கிறவர்கள் ஒரு பக்கம், இரண்டு தரப்பும் தனித்தனியாக வாக்களித்து, வாக்களித்தவர்கள் கையில் இருக்கும் சரக்கின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு 'சரி' சொன்னால்தான் நடக்கும் என்று விதி. சொன்னார்கள். 1998-இல் தேசிய மன்றம் வேலையைத் தொடங்கியது. 21 பேர்: உற்பத்தியாளர் 9, வியாபாரிகள் 9, பொதுமக்கள் சார்பில் 3. ஆக, வசூலிக்கும் உரிமை சட்டம் கொடுத்தது, பணமும் நிர்வாகமும் காஸ்காரர்களுடையது.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அந்த நாற்றம்தான். புரோப்பேனுக்கு இயற்கையில் வாடையே கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்று ஒரு பொருளை, 10,000 கேலனுக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் கலக்கிறார்கள், அதுதான் அழுகல் வாடை. 1937 மார்ச் 18-ஆம் தேதி டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து, யாருக்கும் தெரியாமல் தேங்கி, வெடித்து, ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் காஸில் வாடை சேர்க்கவேண்டும் என்ற சட்டம் வந்தது. 1996 சட்டம் போட்டவர்கள் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டார்கள்: வாடை சேர்க்கும் நேரத்தில் சரக்கு யாருடையதோ அவர்தான் கட்டணம் கட்டவேண்டும். வாடையில்லாமல் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகப் போகிற புரோப்பேனுக்கு ஒன்றும் இல்லை. வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் போகிற சரக்கைத் தனியாக எண்ண இதைவிட லேசான வழி எனக்குத் தோன்றவில்லை.

கட்டணம் கேலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கியது. அரை சென்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். உங்கள் மகள் வீட்டுத் தொட்டி 500 கேலன் என்று வைத்துக்கொள்வோம், வெயிலில் விரிவதற்கு இடம் விட்டு 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், 400 கேலன். உச்சக் கட்டணம் போட்டாலும் 2 டாலர். ஒரு மாநிலத்தில் வசூலாவதில் 20 சதவீதம் அந்த மாநிலத்து மன்றத்துக்கே போகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 2 டாலரில் 40 சென்ட் மிசூரிக்கு. சுரண்டி முகர்கிற புத்தகம், லோரி ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி எல்லாம் இப்படிச் சேருகிற சில்லறையில் நடப்பவை.

கேள்வி: இது நம் ரப்பர் செஸ் வரி மாதிரியே இருக்கிறதே?
*ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), சுங்கை சிப்புட்*

பதில்: ஐயா, அதேதான், நீங்கள் எழுதிய பேரேட்டிலேயே இருந்திருக்குமே! ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1925-இல் சட்டம் வந்தது, ஏற்றுமதியாகும் ரப்பருக்குச் செஸ் பிடித்துத்தான் அதை நடத்தினார்கள். வெட்டு முறை, ஒட்டுக் கன்று, பால் கூடக் கொடுக்கும் மர வகை எல்லாம் அந்தக் காசில் வந்த ஆராய்ச்சி. அமெரிக்காவில் புரோப்பேன் மன்றம் தொடங்கிய அதே 1998-இல்தான் இங்கே அந்தக் கழகத்தையும் மற்ற இரண்டு அமைப்புகளையும் சேர்த்து ரப்பர் வாரியம் ஆக்கினார்கள். செம்பனைக்கும் உண்டு. 1980-களில் அமெரிக்கச் சோயாக்காரர்கள், வெப்ப மண்டல எண்ணெய் இதயத்துக்கு ஆகாது என்று விளம்பரம் கிளப்பியபோது, பதில் சொல்ல நம் ஆட்கள் 1990-இல் செம்பனை எண்ணெய் விளம்பர மன்றம் ஒன்று வைத்தார்கள். அந்தச் சோயாக்காரர்கள் கையிலும் விவசாயிகளிடம் பிடித்த காசு புழங்கியது என்பதுதான் வேடிக்கை.

வித்தியாசம் ஒன்று உண்டு. காடு மேடாக அலைந்து ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள் செஸ் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார்களே தவிர, அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று அவர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. நம் ஊர்க்காரர், மந்திரி துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வைத்து, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், மாதாமாதம் கொஞ்சம் போடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று தொழிலாளர் குடியிருப்பான லயம் லயமாகப் போனாரே, அது வேறு ரகம். அங்கே சட்டம் கையை முறுக்கவில்லை. கொடுக்க மனமிருந்தவர் கொடுத்தார். என் அப்பாவும் சந்தா கட்டியிருக்கிறார், கட்டிய மாதமெல்லாம் வீட்டில் கருவாடு குறையும் என்று அம்மா சொல்லிக் காட்டுவார்.

கேள்வி: காஸ் விற்பவன் விளம்பரத்துக்கு வாங்குபவன்தான் கடைசியில் பணம் கொடுக்கிறான். இதை யாரும் தட்டிக்கேட்கவில்லையா?
*காஸ் ஏஜெண்ட் கடையில் வேலை பார்க்கும் தம்பி*

பதில்: தம்பி, உன் தவுக்கே இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்.

கேட்டார்கள். புரோப்பேனில் இல்லாவிட்டாலும் இதே ரகக் கட்டாயச் சந்தாவை எதிர்த்து வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2001-இல் ஒரு காளான் கம்பெனி, எனக்குப் பிடிக்காத விளம்பரத்துக்கு என் காசைப் பிடுங்காதே என்று போய் ஜெயித்தது. 2005-இல் மாட்டிறைச்சிக்காரர்கள் அதையே சொல்லித் தோற்றார்கள், அந்த விளம்பரம் அரசாங்கத்தின் பேச்சு, அதற்கு வரி வாங்கலாம் என்றது தீர்ப்பு. காளானுக்கு ஒரு நியாயம், மாட்டுக்கு ஒரு நியாயம்.

புரோப்பேன் சட்டத்துக்குள்ளேயே இரண்டு கடிவாளம் இருந்தது. ஒன்று, இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவோம் என்று மன்றத்தில் கூடிப் பேசி ஒப்பந்தம் போடக்கூடாது, விலையைச் சந்தைதான் முடிவு செய்யும். சரி, ஒப்பந்தம் இல்லாமலே தலையில் ஏறும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். இன்னொன்றுதான் உண்மையில் பல் உள்ளது. மின்சாரம், குழாய் எரிவாயு, வீட்டு ஹீட்டர் எண்ணெய் இவற்றோடு புரோப்பேன் விலையை ஐந்து வருடச் சராசரியில் ஒப்பிடவேண்டும். புரோப்பேன் ஓர் அளவுக்கு மேல் ஏறிவிட்டால், 10.1 சதவீதம் என்று புள்ளி வைத்தே எழுதியிருக்கிறார்கள், விளம்பரக் கடையை மூடிவிட்டு, ஆராய்ச்சி, பயிற்சி, பாதுகாப்பு மூன்றை மட்டும் பார்க்கவேண்டும்.

2009 ஆகஸ்டில் அது நடந்தே விட்டது. வாங்க வாங்க என்று கூவிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடவேண்டியதாயிற்று. தடை ஐந்து வருடத்துக்கு மேல் நீடித்தது. அதற்கு நடுவில் 2013 கடைசியில் சோளம் ஈரமாக அறுவடையாகி, அதை உலர்த்தப் பண்ணைகள் எல்லாம் புரோப்பேனை இழுத்து, அதே கையோடு கடும் குளிரும் வந்து சேர, 2014 ஜனவரிக் கடைசியில் வீட்டுக்கு விற்கும் விலை கேலன் 4 டாலரைத் தொட்டது. அந்த வருட டிசம்பரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி விலைக் கணக்கு போடும் முறையை மாற்றியது. விலை இறங்கட்டும் என்று காத்திருக்காமல் அளவுகோலை மாற்றினார்கள் என்று நான் சொன்னால் அந்த வியாபாரிகளுக்குக் கோபம் வரும். பழைய கணக்கு எங்களுக்குப் பாதகமாகவே போடப்பட்டது என்பது அவர்கள் வாதம். எனக்கு என்னவோ, தடை இருந்த காலத்தில் பயிற்சி நிற்காமல் நடந்ததே, அதுதான் அந்தச் சட்டத்தை எழுதியவன் கெட்டிக்காரன் என்று காட்டுகிறது.

நம் ஊரில் இந்தப் பிரச்சினையே எழாது. 14 கிலோ தோங் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு என்று அரசாங்கம் விலை கட்டி, மானியமும் கொடுக்கிறது. போட்டி போட்டு விளம்பரம் செய்ய யாருக்கும் அவசியமில்லை. அந்த அரை சென்ட்டை நம் தோங்குக்குக் கணக்குப் பார்த்தேன், ஏழு கேலன் சொச்சம் வருகிறது, நம் காசில் இருபது காசுக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: நம் வீட்டுக் காஸும் அந்தப் புரோப்பேன்தானா?
*இல்லத்தரசி, சுங்கை சிப்புட்*

பதில்: கலவை, தங்கச்சி. நம்முடையதில் பியூட்டேன் அதிகம். பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும், மிசூரிக் குளிரில் தொட்டிக்குள்ளேயே தண்ணீராகக் கிடக்கும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: கல்வி மன்றம் என்று பெயர். உண்மையில் கல்வியா, விளம்பரமா?
*ரப்பர் செஸ் பற்றிக் கேட்ட அதே கிராணி ஐயா, விடுவதாக இல்லை*

பதில்: இரண்டும் ஒரே அண்டாவில்தான், ஐயா. லயத்தில் ரப்பர்க் கட்டையும் மண்ணெண்ணெய் அடுப்புமாக இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்குக் காஸ் வந்த புதிதில், அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று கொண்டுவந்தவர் காட்டினார், அவ்வளவுதான். ரப்பர்க் குழாய் வெடித்திருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அம்மா சாமி விளக்கு ஏற்றப் போனவர், எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அலமாரிக்கு அடியில் தேடியிருக்கிறார். நல்லவேளை, எலியைத் தேடியதில் விளக்கு ஏற்றத் தாமதமானது. பக்கத்து வீட்டு அண்ணன் வந்து தோங்கை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்தச் சுரண்டுகிற புத்தகம் ஒன்று எங்கள் லயத்துக்கு வந்திருந்தால், அதை விளம்பரம் என்று நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

கேள்வி: அண்ணே, மகள் அடுத்த மாதம் வருகிறாள். அந்தப் புத்தகத்தில் நாலைந்து கொண்டுவரச் சொல்லட்டுமா?
*அதே வாசகி, போனில்*

பதில்: சொல்லுங்கள் அக்கா, எனக்கும் ஒன்று. பெட்டியில் சேலைகளோடு மட்டும் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.