ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு எட்டாயிரமா?

(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ‘சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்கள் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்’ என்று ஒரு வரி போட்டாலும் போட்டேன், ஒரு கட்டைப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. இதில் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், காரைக்குடி செக்காலைப் பக்கம் பல வருஷம் டி.டி.பி. கடை (கணினியில் அச்சுக்கோத்துக் கொடுக்கிற கடை) வைத்திருந்தேன், மூன்று புத்தகங்களைக் கைக்காசு போட்டு அச்சடித்தேன், முதல் புத்தகம் ஆயிரம் பிரதியில் அறுநூறுக்கு மேல் எங்கள் வீட்டு மேல்மாடியில் கரையானுக்குப் போயிற்று. அந்த அனுபவம்தான்.

கேள்வி: என் மாமியார் கைப்பட எழுதி வைத்த பலகார நோட்டு இருக்கிறது. கந்தரப்பம், மனகோலம், சீப்புச் சீடை, ஆடிக்கும்மாயம் என்று எழுபது சொச்சம். புத்தகமாக்கித் தர ஒரு நிறுவனம் 55,000 ரூபாய் கேட்கிறது. அதில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 8,000, காப்புரிமைக்கு 10,000, அமேசானில் ஏற்ற 7,000. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கண்டனூர்

ஆச்சி, பணத்தைக் கையை விட்டு இறக்காதீர்கள். ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாகத் தரும் அடையாள எண். அதை இந்தியாவில் கொடுப்பது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமை. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமான சங்கதி, அந்த எண் யார் பெயரில் வாங்கப்படுகிறதோ அவர்தான் பதிப்பாளர் என்று பதிவாகும். அவர்கள் பெயரில் வாங்கிவிட்டு, அடுத்த பதிப்பை வேறு இடத்தில் போடலாம் என்று நீங்கள் நினைக்கும்போது புது எண் வாங்க வேண்டி வரும்.

காப்புரிமை எழுதிய நிமிஷத்திலேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. நோட்டை எழுதியவர் மாமியார். அவர் காலமாகியிருந்தால் அந்த உரிமை அவர் வாரிசுகளுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, கொழுந்தனார் நாத்தனார் எல்லாருக்கும். நல்லது கெட்டதுக்கு எல்லாரும் கூடும்போது ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் விற்காதவரை யாரும் பேச மாட்டார்கள், விற்றால்தான் பேச்சே வரும்.

அமேசான் கே.டி.பி.யில் (எழுதியவர்கள் தாங்களே புத்தகம் ஏற்றுகிற அமேசான் தளம்) மின்னூல் ஏற்றவும் கட்டணம் இல்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் போதும். கிண்டில், அதாவது அமேசான் மின்னூலுக்கு ஐ.எஸ்.பி.என்.கூட அவசியமில்லை. அமெரிக்க வரிப் படிவம் ஒன்று கேட்கும், பயந்து பாதியில் மூடிவிடாதீர்கள், அதில் பான் எண்ணைப் போடாமல் விட்டால் அமெரிக்காவில் விற்பதற்கு 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், போட்டால் ஒப்பந்தப்படி 15.

அப்படியானால் எதற்குத்தான் செலவு செய்வது? பக்க வடிவமைப்புக்கு, அட்டைக்கு, அதற்கும் முன்னால் படித்துத் திருத்துகிற ஆளுக்கு. உங்கள் மாமியார் நோட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு ‘உழக்கில் பச்சரிசி தலைதட்டி அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக’ என்றுதான் இருக்கும், எல்லா ஆச்சிமார் கணக்கும் அதுதான். உழக்கு உள்ள வீட்டில் அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி வீட்டில் உழக்கு ஏது? அவள் கிராம் கேட்பாள். எழுபது பலகாரத்தையும் தராசில் நிறுத்து, ஒரு தடவையாவது செய்து பார்த்து, மூல வாசகத்தை மாற்றாமல் பக்கத்தில் கிராம் கணக்கை எழுதுங்கள். அந்த வேலைக்கு மூன்று மாதம் ஆகும், அந்த மூன்று மாதம்தான் புத்தகம்.

அச்சுக்கு, ஃபாரம் கணக்கில் விலை கேளுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவில் 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். 165 பக்கம் வந்தால் ஐந்து பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓடும், சுருக்குங்கள். வண்ணப் படங்களை எல்லாப் பக்கத்திலும் தெளிக்காமல் நடுவில் எட்டுப் பக்கம் ஆர்ட் பேப்பரில் சேர்த்தால் செலவு குறையும். முதலில் நூறு பிரதி டிஜிட்டலில் போடுங்கள். ஒரு பிரதிக்கு அடக்கம் கூடத்தான் ஆகும், ஆனால் கரையானுக்குத் தீனி போட வேண்டியிருக்காது.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். தேவகோட்டையில் என் நூலை அச்சுக்கோத்துத் தந்தவரிடம் கோப்பை வாங்கி மின்னூலாக்கப் பார்த்தேன். திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டுகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை ஐயா. பக்கம் வடிவமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பாக இருக்கும். எங்கள் கடைகளில் எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் அடித்துக்கொண்டிருந்தோம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. காகிதத்துக்குப் போதும். கிண்டிலுக்கும் கூகுளுக்கும் யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துக்கென்றே தனி இடம் வைத்திருக்கிற பொதுக் குறியீட்டு முறை வேண்டும். இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போல. எந்த எழுத்துரு என்று அச்சுக்கோத்தவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றினால் சில நிமிஷ வேலை. ஆனால் மாற்றியபின் ஒரு முறை முழுசாகப் படியுங்கள். கொம்பு தள்ளி நிற்கும், ‘ஸ்ரீ’ வேறு எதுவோ ஆகியிருக்கும், மேற்கோள் குறிகள் காணாமல் போயிருக்கும், இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும். என்னுடைய இரண்டாவது புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்க ‘ௌ’ எல்லாம் ‘ெ’ தனியே, ‘ள’ தனியே பிரிந்து கிடந்தது, வாசகர் ஒருவர் எழுதிய பிறகுதான் தெரிந்தது. அப்படிப் பிரிந்து கிடந்தால் தேடினாலும் அகப்படாது.

கேள்வி: நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களைப் பற்றிக் கைநூல் எழுதி நானே வெளியிட்டேன். 40 வாட்ஸ்அப் குழுக்களில் அட்டைப்படத்தைப் போட்டேன். இருநூறு பேர் கும்பிடு போட்டார்கள், பத்துப் பேர் மாலை படம் போட்டார்கள். விற்றது நான்கு பிரதி. அதில் ஒன்று என் சித்தப்பா. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கோட்டையூர்

தம்பி, கோட்டையூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! ரோஜா முத்தையா உங்கள் ஊரில் இருந்துகொண்டுதான் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து அத்தனை புத்தகம் சேர்த்தார், இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ராயவரத்து வை. கோவிந்தனும் தேவகோட்டை சின்ன அண்ணாமலையும் இந்தச் சீமையிலிருந்து போய்ப் பதிப்புத் தொழில் செய்தவர்கள். (வட்டிக்கணக்கு மட்டும்தான் நம் ஊர் என்று பேசுகிறவர்களுக்காக இதைச் சொன்னேன்.)

விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்படத்தைப் பார்த்தவனுக்குக் கிடைத்த தகவல், நீங்கள் புத்தகம் எழுதியிருக்கிறீர்கள் என்பது. அதற்கு வாழ்த்துச் சொன்னால் கணக்குத் தீர்ந்தது. அவனுக்கு உதவுகிற தகவல் ஒன்றைக் கொடுங்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. இந்த ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கக் காரைக்குடியிலிருந்து எந்த வரிசையில் கிளம்பினால் நடை சாத்துவதற்குள் முடியும், எங்கே மதியம் மாட்டிக்கொள்வோம், எந்தக் கோயிலுக்குப் பஸ் இறங்கி எவ்வளவு நடக்க வேண்டும் – இதை ஒரே பக்கத்தில் வரைபடத்தோடு போட்டு, புத்தகம் வாங்காதவனும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வையுங்கள். அடியில் சின்னதாகப் புத்தகத்தின் பெயர், வாங்குகிற இடம், ஒரு க்யூ.ஆர். கோடு. அந்தப் பக்கத்தை மக்கள் தாங்களாகவே அனுப்பிக்கொள்வார்கள், ஏனென்றால் அது அவர்கள் அத்தைக்கு வேண்டும்.

படமாக மட்டும் போட்டால் கூகுள் கண்டுபிடிப்பது கஷ்டம், அதையே எழுத்திலும் போடுங்கள். நம் ஆட்கள் தேடும்போது பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஆகவே புத்தக விவரத்தில் தமிழ்ப் பெயரோடு அந்தத் தங்லீஷ் வடிவத்தையும் சேருங்கள். கே.டி.பி.யில் தேடுசொல்லுக்கு ஏழு பெட்டி தருவார்கள், ‘ஆன்மிகம்’, ‘கோயில்’ என்று பொத்தாம் பொதுவாக நிரப்பாமல் ஊர்ப் பெயர்களைப் போடுங்கள். கிண்டிலில் மாதிரியாகக் காட்டுவது புத்தகத்தின் ஆரம்பப் பகுதியை. நீங்கள் ஏழு அணிந்துரை, இரண்டு வாழ்த்துரை, நன்றியுரை என்று அடுக்கியிருந்தால் வாங்க வந்தவன் அணிந்துரையைப் படித்துவிட்டுப் போய்விடுவான். அவற்றைப் பின்னால் தள்ளுங்கள், அணிந்துரை எழுதியவர்கள் கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

மதிப்புரைக்குச் சித்தப்பாவைக் கூப்பிடாதீர்கள். குடும்பத்தார் எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும்.

அப்புறம், இணையத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்துத் தெருவை விட்டுவிட்டீர்கள். கானாடுகாத்தானில் பழைய வீடுகளை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே தங்குகிறவர்களை வண்டியில் ஏற்றிக் கோயில் கோயிலாகக் காட்டுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். ஐந்து டிரைவருக்கு ஆளுக்கொரு பிரதி சும்மா கொடுங்கள். அதைவிடப் பெரிய சந்தை மணிவிழா. நம் பக்கத்தில் அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்றால் வந்தவர்களுக்குப் புத்தகம் கொடுப்பது பழைய வழக்கம். டிஜிட்டல் அச்சில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றுவது சுலபம், அந்த வீட்டுத் தம்பதி படத்தோடு இன்ன நாள் மணிவிழா நினைவாக என்று போட்டுத் தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். என் மூன்றாவது புத்தகம் அப்படித்தான், ஒரே வீட்டில் முந்நூறு போயிற்று. எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேள்வி: கிண்டிலில் 70 சதவீதம் ராயல்டி என்கிறார்கள், எனக்கு மிகவும் குறைவாக வருகிறதே?

இந்திய விற்பனையில் 70 வேண்டுமானால் கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைத்தளத்திலும்கூட. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம், கண்டனூர் ஆச்சி ஆடி மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 70 சதவீதத்தில் கோப்பின் அளவுக்கு ஒரு எம்.பி.க்கு 7 ரூபாய் கழித்துக்கொள்கிறார்கள். வரி போக விலை 150, படங்களோடு கோப்பு 12 எம்.பி. என்று வையுங்கள்: 84 போய்விடும், மீதி 66-இல் 70 சதவீதம் 46 ரூபாய் சொச்சம். இதே 35 சதவீதத்தில் கழிவு கிடையாது, 52 ரூபாய் 50 காசு. படம் நிறைந்த புத்தகத்துக்குக் குறைந்த சதவீதமே லாபம், அல்லது படங்களைச் சுருக்கிவிட்டு 70-இல் சேருங்கள்.

கேள்வி: கூரியருக்கே புத்தக விலையில் பாதி போகிறது. வேறு வழி?

தபால் துறை 2025 மே முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று ஒன்று நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழிதான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கு மட்டும், விளம்பரம் அடைத்த புத்தகத்தை எடுக்க மாட்டார்கள், ஆகவே ஸ்பான்சர் செய்த நகைக்கடையின் முழுப்பக்க விளம்பரத்தை உள்ளே போடுமுன் யோசியுங்கள். புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ அச்சிட்டிருக்க வேண்டும், சொந்தமாகப் போடுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 160 பக்க டெம்மிப் புத்தகம் சாதாரணத் தாளில் 200 கிராமுக்குள் நிற்கும். உறைக்கும் அட்டைக்கும் சேர்த்து முந்நூறு தாண்டாமல் வீட்டுத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொண்டு போங்கள். ஆச்சி வீட்டில்தான் இப்போது தராசு இருக்கும்.